காற்று ஏறும் வழி

மார்ச் 4, செவ்வாய்

மாமனார் தன் மகள் கட்டிய கட்டடத்தில் குடியேறி ஒரு வாரம் ஆகிறது. வேலை முடிந்து நேராக அங்கே போனேன். ஐந்தாம் மாடி. கதவைத் திறந்ததுமே, "வா அலாரம், நல்ல நேரத்துக்கு வந்தே. முதல் மாடியில வெங்காயம் வதக்குறாங்க, மூணாவது மாடியில மீன்" என்றார்.

நான் தீயணைப்புத் துறையில் இருந்தபோது அவர் வைத்த பெயர் அலாரம். வேலையை விட்டாயிற்று, இப்போது கட்டடங்களுக்குத் தீப் பாதுகாப்பு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறேன். பெயர் மட்டும் விடவில்லை.

மோந்து பார்த்தேன். உண்மைதான். சாப்பாட்டு அறையின் உள்பக்க ஜன்னல் வழியாக வருகிறது. கட்டடத்தின் நடுவே கீழிருந்து உச்சி வரை ஒரு வெற்றுக் கூடு விட்டு வரைந்திருக்கிறாள் கட்டடக் கலைஞரான நாத்தனார். அதற்கு 'மூச்சு' என்று பெயர். எல்லா வீட்டிலும் ஒரு ஜன்னல் அந்த மூச்சைப் பார்த்துத் திறக்கும். பின்னாலிருக்கும் குளத்தின் மேல் தவழ்ந்து வரும் குளிர்ந்த காற்று கீழே நுழைந்து வீடுகளுக்குள் பரவும். சூடான காற்று மூச்சு வழியாக மேலே ஏறிப் போய்விடும். ஒரு வீட்டிலும் ஏ.சி. கிடையாது. வெளியே தார் உருகுகிறது, உள்ளே மாமா முழுக்கைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"எந்த வீட்ல என்ன சமையல்னு எனக்கு அத்துப்படி" என்று பெருமை வேறு.

சிரித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சிரிப்பு நின்றது. வெங்காய வாசம் ஏறுகிற வழியில் புகை ஏறாதா?

மார்ச் 6, வியாழன்

மறுபடி போனேன். மாமாவுக்குப் பழம் வாங்கி வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். பழத்தை வைத்துவிட்டு, கட்டடத்தைக் கீழிருந்து மேல் வரை சுற்றிவந்தேன்.

கீழே வண்டி நிறுத்துமிடம். பெரும்பாலும் மின்சார ஸ்கூட்டர்கள், வரிசையாக சார்ஜில் நிற்கின்றன. அதற்கும் மூச்சுக்கும் நடுவே ஒரு கம்பிக் கதவு மட்டும். உச்சியில் கண்ணாடிக் கூரை. முதலில் வானம் பார்க்கத் திறந்துதான் இருந்ததாம். மழைச்சாரல் வீட்டுக்குள் அடிக்கிறது என்று குடியிருப்பவர்கள் புலம்பிய பிறகு கண்ணாடி போட்டு, ஓரங்களில் காற்றுக்கு இடைவெளி விட்டிருக்கிறாள். காற்றுக்குப் போதும். கீழே ஒரு வண்டி பற்றினால் அந்தப் புகைக்குப் போதாது. மேலே போய்க் கண்ணாடியில் முட்டும், திரும்பி இறங்கும், ஐந்தாம் ஆறாம் மாடி ஜன்னல்களுக்குள் நுழையும்.

படிக்கட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்வது. காற்று வரட்டும் என்று அதற்குப் பூந்தொட்டியை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு மாடியில் இல்லை, எல்லா மாடியிலும்.

விதிப்படி ஒரு தவறும் இல்லை. அதனாலேயே யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

மாமா காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். கிளட்சை மிதித்து மிதித்து முழங்கால் இரண்டும் போய்விட்டன. "வண்டி நல்லாத்தான் இருக்கு, டயர்தான் தேஞ்சு போச்சு" என்பார். தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது, அந்தக் காலோடு ஐந்து மாடி இறங்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. நாத்தனார் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள் — சுற்றுச்சூழலுக்கு உகந்த கட்டடங்களுக்கு ஒரு விருது இருக்கிறதாம், அவள் கட்டடம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மாமா அவளைப் பச்சைக்கிளி என்றுதான் கூப்பிடுவார், மரம், குளம், நாணல் என்றே பேசிக்கொண்டிருப்பதால். "பச்சைக்கிளி பறக்கப் போகுது" என்றார். இவர், என் வீட்டுக்காரர், தங்கையின் தட்டில் எதையாவது போட்டுக்கொண்டே இருந்தார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு நாள். இன்று ஒரு நாள்.

"அந்த மூச்சுக்கு மேல போட்ட கண்ணாடி இருக்கே, கீழ தீப்பிடிச்சா புகை வெளிய போக வழியில்லையே" — சொல்லிவிட்டேன்.

அவள் கை தட்டிலேயே நின்றது.

"எல்லா அனுமதியும் வாங்கியிருக்கேன் அண்ணி."

"நான் அனுமதியைச் சொல்லலம்மா. புகையைச் சொல்றேன்."

"உடனே அந்த ஜன்னலை எல்லாம் மூடச் சொல்வீங்க. மூடினா புழுங்கும். ஆளாளுக்கு ஏ.சி. மாட்டுவாங்க. அந்தக் கட்டடத்தைக் கட்டினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும்."

"உயிர் இருந்தாத்தானே காத்து வேணும்."

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால்கூடச் சரியாகியிருக்கும். "அப்பாவைக் கொண்டுபோய் ஒரு புகைபோக்கி பக்கத்துல உக்கார வெச்சிருக்கே" என்றேன். அவள் எழுந்து கையைக் கழுவினாள். "நீங்க எந்த வீட்டைப் பாத்தாலும் எரியுற வீடாத்தான் பாக்குறீங்க அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை.

மார்ச் 10, திங்கள்

அவள் போனை எடுக்கவில்லை. இவர் தன் மூக்குக் கண்ணாடிக் கடையைத் திறக்க என்றைக்கும் இல்லாத அவசரத்தோடு காலையிலேயே கிளம்பிவிட்டார். தப்பித்துக்கொண்டார்.

மார்ச் 15, சனி

நான் சொன்னது தப்பா? சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பில்லை.

துணிக் கிடங்கு ஒன்றில் புகைக்குள் மாட்டிக்கொண்டுதான் எனக்கு நெஞ்சு பழுதானது, வேலை போனது. இன்னும் மாடி ஏறினால் இளைக்கிறது. தீயைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிடலாம், சூடு தெரியும், ஓட நேரம் கிடைக்கும். புகை அப்படியில்லை. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாது. சொந்தக் கையே தெரியாது. அவளுக்கு அது தெரியவில்லை. தெரியாமலே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன், பிறகு எப்படிப் புரியவைப்பது?

மார்ச் 23, ஞாயிறு

காலையிலிருந்து ஊர் முழுக்க மின்சாரம் இல்லை. எங்கள் வீடு அடுப்பு மாதிரி. சுவரைத் தொட்டால் கை சுட்டது. பகல் ஏற ஏற எனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இவர் பயந்துபோய், "அப்பா வீட்டுக்குப் போலாம் வா" என்றார். மறுக்கத் தெம்பில்லை.

அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் உடம்பு தானாகத் தணிந்தது. கீழ்த்தளத்தில், மூச்சின் அடியில், அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. மின்சாரம் இல்லாமல், மோட்டார் இல்லாமல், காற்று தன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

உடம்பு தேறியதும் நின்று நின்று ஐந்தாம் மாடி ஏறினோம். மாமாவுக்கு எதிர்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். கணவன் கப்பலில் வேலை, மாதக்கணக்கில் வரமாட்டான். வாசல் கதவைத் திறந்து போட்டு, குழந்தையைத் தொட்டிலில் விட்டிருந்தாள். "போன வீட்ல இந்த மாதிரி வெயில்ல ராத்திரி பகலா அழுவான்க்கா. இங்க வந்ததுல இருந்து தூங்குறான்" என்றாள்.

வெயிலும் ஆளைக் கொல்லும். அதற்கு அலாரம் கிடையாது. இந்தக் காற்றை அடைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியே விடவும் மனசு வரவில்லை. நாத்தனாரிடம் இதைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

மார்ச் 28, வெள்ளி

அவளே கூப்பிட்டாள். நலம் விசாரிப்பு எல்லாம் இல்லை.

"அண்ணி, நீங்க சொன்னதைத் தலையில இருந்து எடுக்க முடியல. வரைபடத்தை எடுத்து வெச்சுக்கிட்டு நீங்க சொன்னது தப்புன்னு நிரூபிக்கப் பாத்தேன். முடியல. புகை விட்டுப் பாக்கலாமா?"

"பாக்கலாம்" என்றேன். போனை வைத்த பிறகு சமையலறையில் போய் நின்று அழுதேன். எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் இப்படிக் கூப்பிட்டிருப்பேனா?

ஏப்ரல் 5, சனி

நாடகக் குழு ஒன்றிடம் மேடைப் புகை இயந்திரம் இரவல் வாங்கினோம். கண் எரியாது, நெஞ்சை அடைக்காது, வெறும் வெள்ளைப் புகை. குடியிருப்பவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லியாயிற்று. நான் கீழே வண்டிகளுக்குப் பக்கத்தில், இயந்திரத்தோடு. அவள் ஐந்தாம் மாடியில், மாமாவோடு. நிஜமாகத் தீப்பிடித்தால் என்ன செய்வாரோ அதைச் செய்யும்படி மாமாவிடம் சொல்லியிருந்தோம். போனை வைக்காமல் காதிலேயே வைத்திருந்தேன்.

இயந்திரத்தை முடுக்கினேன். புகை மூச்சுக்குள் நுழைந்து ஏறியது. மெதுவாக, சுருள் சுருளாக. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

மேலே மாமா செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார் — "இங்கதானே விட்டேன்" என்று கேட்கிறது. பிறகு நாத்தனாரின் குரல். "அப்பா?" கொஞ்சம் கழித்து, "அப்பா, எங்க இருக்கீங்க?" அந்தக் குரலை நான் வேறு வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

"இங்கதான்மா, உன் பக்கத்துல" என்றார் மாமா.

இயந்திரத்தை அணைத்துவிட்டேன்.

இறங்கி வந்தவள் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கையை நீட்டினாத் தொடுற தூரத்துல இருந்தாரு அண்ணி. தெரியல. செருப்பே இன்னும் போட்டு முடிக்கல அவரு."

நான் ஜெயித்ததாகத் தோன்றவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா இறங்கி வருவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடம். இவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

காற்றை விட வேண்டும், புகையை விடக் கூடாது. இதுதான் கணக்கு. பகல் முழுக்க முட்டிக்கொண்டோம். கடைசியில் வந்தது இது: கண்ணாடிக் கூரை புகை பட்டதும் தானாகத் திறந்துகொள்ள வேண்டும், அப்போது புகை முட்டாமல் வெளியே போகும். உள்பக்க ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷட்டர். எப்போதும் திறந்திருக்கும், புகை வந்தால் மட்டும் விழுந்து மூடும். கீழே கம்பிக் கதவை எடுத்துவிட்டுத் தீத் தாங்கும் கதவு. படிக்கட்டுக் கதவுகளைக் காந்தம் பிடித்து வைத்திருக்கும், மணி அடித்ததும் விட்டுவிடும். பூந்தொட்டி வேண்டாம்.

முடிந்தது என்று பென்சிலைக் கீழே வைத்தேன். அவள் வைக்கவில்லை.

"தீப்பிடிச்சா நீங்க தண்ணியும் நுரையும் அடிப்பீங்க இல்ல? பேட்டரில இருந்து வழியுற விஷம் எல்லாம் அதுல கலந்து எங்க போகும்?"

"வடிகால்ல."

"இங்க வடிகால் குளத்துக்குப் போகுது அண்ணி. குளத்துல இருந்து ஓடைக்கு. ஓடைத் தண்ணிதான் கீழ ஊரு வயலுக்கெல்லாம் பாயுது."

"வீடு எரியுறப்ப மீனைப் பத்தி யாரும்மா நினைப்பா?"

"நான் நினைப்பேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குளத்துக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு வரைந்தாள். அதை மூடினால் தண்ணீர் பக்கத்திலேயே ஒரு மூடிய தொட்டிக்குள் போய்விடும். சரி, அவள் ஆசைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் படுத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இத்தனை காலம் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறேன். அது எங்கே போகிறது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லையே.

ஏப்ரல் 13, ஞாயிறு

குடியிருப்பவர்கள் கூட்டம். கீழ்த்தளத்தில், மூச்சின் அடியில்தான். நான் ஒரு ஓரமாக நின்றேன்.

கூரையில் கை வைக்காதே என்று முதலில் எழுந்தவர் ஆறாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். "விருது வாங்கப் போற கட்டடம்னு சொன்னீங்க. இப்ப புகை அடைக்கும்னு சொல்றீங்க. எதை நம்புறது?" என்றார். நியாயமான கேள்வி.

நாத்தனார் எழுந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டுமே உண்மை சார். காத்துக்கு நான் போட்ட கணக்கு சரி. கூரை போட்டப்ப புகைக்குக் கணக்குப் போடல. அது என் தப்பு. விருதுக்காரங்களுக்கும் இதை எழுதிப் போட்டுட்டேன், சரி பண்ணுற வரைக்கும் என்னைச் சேக்காதீங்கன்னு."

எனக்கே அது புதுச் செய்தி. மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் முதுகு நிமிர்ந்திருந்தது.

வங்கி மேலாளர் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "எனக்கு மழைச்சாரல் வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சம்மதம் என்று கை தூக்கினார்கள்.

ஏப்ரல் 30, புதன்

விருது ஏதோ ஒரு நூலகக் கட்டடத்துக்குப் போய்விட்டது. "நல்ல கட்டடம்தான் அண்ணி, நான் போய்ப் பாத்திருக்கேன்" என்றாள்.

மே 7, புதன்

வேலை ஆரம்பம். துளைபோடும் சத்தத்தில் மாமாவுக்குத் தலைவலி. "தீயில சாகலன்னாலும் இந்தச் சத்தத்துல செத்துருவேன் அலாரம்" என்கிறார். எதிர்வீட்டுக் குழந்தை மட்டும் அந்தச் சத்தத்திலும் தூங்குகிறானாம்.

ஜூன் 1, ஞாயிறு

கூரை முடிந்தது. மறுபடி அதே நாடகப் புகையை விட்டுப் பார்த்தோம். மணி அடித்தது, கண்ணாடிகள் முனகிக்கொண்டே எழுந்தன, புகை நேராக வானத்துக்குப் போனது. நாத்தனார் குழந்தை மாதிரி கைதட்டினாள். கீழே கதவு முடிந்தது, காந்தங்களும் முடிந்தன. வால்வும் தொட்டியும்கூட. ஷட்டர் மூன்றாம் மாடி வரை வந்திருக்கிறது. மேல் மாடிகளுக்கு இந்த மாதக் கடைசிக்குள் என்கிறார்கள்.

கீழிருந்து ஆரம்பிக்காமல் மேலிருந்து ஆரம்பிக்கச் சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஜூன் 12, வியாழன்

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

அலுவலகத்தில் ஒரு மருத்துவமனை வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவின் அழைப்பு. "அலாரம், உன் அலாரம் அடிக்குது" என்றார். விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

"மாமா, உள்பக்க ஜன்னலைச் சாத்துங்க. கைப்பிடியை அழுத்திச் சாத்துங்க. துண்டை நனைச்சுக் கதவு இடுக்குல போடுங்க. வெளிப் பால்கனிக்குப் போய் நில்லுங்க. கதவைத் திறக்காதீங்க."

"ஜன்னலைச் சாத்திட்டேன். எதிர்வீட்டுப் பொண்ணு தனியா இருக்கா. ஒரு தட்டு தட்டிட்டு வரேன்."

"வேண்டாம் மாமா, நான் அந்தப் பொண்ணுக்குப் போன் பண்றேன், நீங்க—"

வைத்துவிட்டார்.

ஐயோ, அந்த டாக்ஸிப் பயணம். எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கல. ஏன் எடுக்கல? அந்தக் காலை வெச்சுக்கிட்டு எங்க போனாரு? ஓட்டுநரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. பாலத்தின் மேல் ஏறியதும் தெரிந்தது: கட்டடத்தின் உச்சியிலிருந்து நேராக மேலே எழும்பும் கறுப்புப் புகை. பாலத்தில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தவர்கள் அலறினார்கள். அதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டவள் நான் ஒருத்திதான் இருப்பேன். கூரை திறந்திருக்கிறது.

இரண்டாம் மாடிக்காரரின் ஸ்கூட்டர். சார்ஜில் இருந்தபோது பேட்டரி வெடித்து, பக்கத்து வண்டிகளுக்கும் பற்றியிருக்கிறது. கட்டட மேற்பார்வையாளர் மற்ற வண்டிகளை இழுத்துத் தள்ளத் தீக் கதவைத் திறந்து போட்டுப் போயிருக்கிறார்; அந்த வழியாகப் புகை மூச்சுக்குள் ஏறிவிட்டது. புகையில் மயங்கி விழுந்தவரை அப்போதுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். தீயணைப்பு அணியின் தலைவர் என்னோடு வேலை பார்த்தவர். என்னைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க வெளியவே நில்லுங்க. உங்க நெஞ்சு தாங்காது. மேல ஆள் ஏறியாச்சு" என்றார்.

நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. முன்பெல்லாம் வீட்டுக்காரர்களை நான் தடுப்பேன்.

காலடியில் கறுப்புத் தண்ணீர், நுரையோடு, வடிகாலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் எங்கே? வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்களே.

பின்பக்கம் ஓடினேன். குளத்துச் சுவரோரம் மண்டியிட்டு, வால்வின் சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். புதுச் சக்கரம், இறுகிப் போய்த் திரும்பவில்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

"அப்பா மேல இருக்காரு அண்ணி. என்னை விட மாட்டேங்குறாங்க. என்னால அங்க ஒண்ணும் பண்ண முடியல. இதையாவது—"

முழுதாகச் சொல்ல முடியவில்லை அவளால். நானும் மண்டியிட்டுச் சக்கரத்தைப் பிடித்தேன். இரண்டு பேரும் உடம்பு எடையெல்லாம் போட்டு இழுத்தோம். கொஞ்சம் அசைந்தது. பிறகு சட்டென்று சுற்றியது. நாணலைத் தொடப் போன கறுப்புத் தண்ணீர் குழாயில் நின்றுவிட்டது. தொட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. குளத்தில் ஒரு தவளை ஒன்றுமே நடக்காத மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தோம். ஐந்தாம் மாடி வெளிப் பால்கனியில் மாமா. தோளில் குழந்தை, அதன் தலைமேல் ஈரத் துண்டு. பக்கத்தில் அந்தப் பெண். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிற மாதிரி கை காட்டிக்கொண்டிருந்தார். நாத்தனார் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், என்ன போட்டுக் கட்டுவது என்று.

ஏணி வைத்து மூன்று பேரையும் இறக்கினார்கள். மற்றவர்கள் படிக்கட்டு வழியாகவே வந்துவிட்டார்கள்; படியில் புகை ஏறவில்லை. ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு மாமா சொன்னார், "காலமெல்லாம் டிரைவர் வேலை பாத்தேன். இன்னிக்குத்தான் கண்டக்டர். ரெண்டு பேரை ஏத்திக்கிட்டேன்."

"ஏன் கதவைத் திறந்தீங்க மாமா? நான் சொன்னேன்ல?"

"சொன்னே. நடையில தலைக்கு மேல கறுப்பா இறங்கிக்கிட்டு இருந்துச்சு. குனிஞ்சு போய்த் தட்டினேன். அவ கதவைத் திறக்குறப்போ யாரோ மேல இருந்து இழுத்த மாதிரி அத்தனையும் போயிடுச்சு. அப்பவே நெனச்சேன், இது பச்சைக்கிளி வேலையா, அலாரம் வேலையான்னு."

நான் முகமூடியை இழுத்து மறுபடி அவர் மூக்கில் வைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மேற்பார்வையாளர் கண் விழித்துப் பேசினார். மாமாவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம், இருமல் மட்டும் இருக்கிறது. ஸ்கூட்டர்காரர் வந்தார். பழைய சார்ஜர் பழுதானதும் கையில் கிடைத்த ஒன்றை மாட்டியிருக்கிறார். மாமாவின் காலைத் தொடக் குனிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "எழுந்திருப்பா, நான் குனிஞ்சு தூக்குறதுக்கு என் முழங்கால் ஒத்துக்காது" என்றார் மாமா.

ஜூன் 20, வெள்ளி

தொட்டித் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு லாரியில் எடுத்துப் போனார்கள். எடுத்தவர்கள் கையுறை, முகமூடி எல்லாம் போட்டிருந்தார்கள். தீயணைப்பு அணித்தலைவர் வந்து நின்று பார்த்தார். குளத்தைக் காட்டி, "இது எல்லாம் இங்க போயிருக்கும், இல்ல?" என்று நாத்தனாரிடம் கேட்டார். "ஆமா சார்." அவர் வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சக்கரத்துக்கு எண்ணெய் போடச் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

மாமா எங்கள் வீட்டில் புழுங்கித் தவிக்கிறார். மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுற்றுகிறது. "என் வீட்டுக்குப் போறேன்" என்று தினமும் ஒரே பாட்டு. மேல் மாடி ஷட்டர்களும் போட்டு முடித்தாயிற்று, கரியும் கழுவியாயிற்று. அனுப்ப மாட்டேன் என்பது நாத்தனார்தான்.

இன்று அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி. ராத்திரி கண்ணை மூடினா அந்தப் பால்கனிதான் தெரியுது. நான் கட்டினது எரிஞ்சுது."

"எரிஞ்சது வண்டி. உன் கட்டடம் வழி விட்டுச்சு. அதனாலதான் அவரு இங்க உக்காந்து நம்ம உயிரை வாங்குறாரு."

"நீங்களா சொல்றீங்க?"

நான்தான் சொல்கிறேன். எனக்கே விசித்திரமாக இருந்தது. அவள் கையைத் திருப்பிப் பார்த்தேன். உரிந்த இடத்தில் புதுத் தோல் வந்துவிட்டது, இன்னும் சிவப்பு மாறவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

மாமா போய்விட்டார். வாசலிலேயே எதிர்வீட்டுக் குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்துவிட்டானாம். இவருக்கு ஒரு கண்ணாடி வியாபாரம்.

ஜூலை 27, ஞாயிறு

இவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, யாரிடமோ பேசுவது மாதிரி சொன்னார்: "மூணாவது மாடிக்காரங்களுக்கு வேற ஊருக்கு மாத்தல் ஆகிடுச்சாம். வீடு காலியாகுதாம்."

"அதுக்கு?"

"இல்ல, சும்மா சொன்னேன். உனக்கு வெயில்ல மூச்சு வாங்குதேன்னு."

அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. "போய்ப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டது நானா என்று எனக்கே சந்தேகம்.

ஆகஸ்ட் 9, சனி

சாமான்களைக் காலையிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை. மாமா மேலிருந்து இறங்கி வந்து, பீரோவை எங்கே வைப்பது என்று எல்லோரையும் விரட்டிவிட்டு, களைத்துப் போய் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

நாத்தனார் மடித்த துணியோடு வந்தாள். கைத்தறிப் பருத்தி, வெளிர் மஞ்சள், எங்கள் ஜன்னல்களுக்குத் திரை. தொட்டுப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது.

"இது நிமிஷத்துல பத்திக்கும்மா. தீப்பிடிக்காத துணி விக்குறாங்க, அதை வாங்கலாம்."

"அதுல போடுற ரசாயனத்தைத் தினமும் நீங்க சுவாசிக்கணும் அண்ணி. துவைச்சா அது குளத்துக்குத்தான் வரும்."

"அப்ப கம்பளி?"

"இந்த வெயிலுக்கா?"

அரை மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு கட்டத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். இவர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டே, "திரையே வேண்டாம், விடுங்களேன்" என்றார்.

இரண்டு பேரும் அவரை முறைத்தோம். பிறகு ஜன்னலைப் பார்த்தோம்; குளத்துக் காற்று தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

திரை போடவில்லை. அவள் துணியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு வேறு மாதிரி ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் சும்மா கொஞ்சம் சாய்ந்தேன். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது, தலையணை இல்லாமலே தூங்கியிருக்கிறேன், இவர் பாதிப் பெட்டிகளைப் பிரித்து முடித்திருந்தார்.